டிகிரிக்கு நாலு வருடமா, இப்போதே வேலையா: தம்பிக்காக ஒரு கணக்கு

பெரியக்கா:

வணக்கம். தம்பி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். மெக்கானிக்கல் டிகிரிக்கு ஒரு தனியார் கல்லூரியில் சீட் கிடைத்திருக்கிறது, நாலு வருடப் படிப்பு. அதே சமயம் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சி பெறும் ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். முதல் நாளிலிருந்து சம்பளம், ஒழுங்காக வேலை கற்றுக்கொண்டால் நிரந்தரம். அப்பாவுக்கு டிகிரிதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. அம்மா வாயைத் திறக்கவில்லை. தம்பி யார் பேசினாலும் அவர்களுக்குத் தலையாட்டுகிறான். கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப்போவது நான் என்பதால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன், சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இங்கே எழுதுகிறவர்கள் பல நாட்டில் இருக்கிறீர்கள், ஒவ்வொருவர் பணமும் வேறு. அதனால் கம்பெனி தம்பிக்குத் தருவதாகச் சொல்லும் முதல் வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அந்த அளவில். கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80, நாலு வருடத்துக்கு 320. படித்து முடித்தவர்களுக்கு கேம்பஸில் கிடைக்கும் சராசரிச் சம்பளம் 220 என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருக்கிறது. ஆக, வருடத்துக்கு 120 கூடுதல். 320-ஐ 120-ஆல் வகுத்தால் மூன்று வருடத்துக்குள் போட்ட காசு வந்துவிடுகிறது, அப்புறம் வருவதெல்லாம் லாபம்தானே? இவ்வளவு எளிதாக இருந்தால் படித்தவர்கள் ஏன் இவ்வளவு புலம்புகிறார்கள் என்றுதான் சந்தேகமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

சந்தேகம் வந்தது நல்லது. பெரிய செலவு ஒன்று உங்கள் கணக்கில் இல்லவே இல்லை: அந்த நாலு வருடத்தில் தம்பி வாங்காமல் விடும் சம்பளம். கல்லூரிக்குப் போனால் கம்பெனி தரும் 100 கிடையாது. வருடத்துக்கு 5 சதவீதம் உயர்வு என்று குறைவாகவே வைத்தாலும் 100, 105, 110, 116 என்று போய் மொத்தம் 431 வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் 320-ஐ விட இது பெரிது. தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் போன்ற பொருளாதார அறிஞர்கள் 1960-களில் கல்வியை ஒரு முதலீடாக வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தபோதே இந்த விட்டுப்போன கூலியைச் செலவில் சேர்த்தார்கள். ரசீது வராத செலவு என்பதால் வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. 320-இல் சாப்பாட்டையும் சேர்த்திருக்கிறீர்கள். வேலைக்குப் போனால் மட்டும் தம்பி பட்டினி கிடப்பானா? எப்படியும் ஆகிற செலவை டிகிரியின் தலையில் கட்டக் கூடாது. வருடத்துக்கு 15 கழித்தால் 60 குறைந்து 260. ஆக டிகிரியின் உண்மையான விலை 260 + 431 = 691.

வரவுப் பக்கம் வாருங்கள். நாலு வருடம் கழித்தும் தம்பி 100-இலேயே நிற்கமாட்டான். வெறும் 5 சதவீத உயர்விலேயே 122 ஆகியிருக்கும், இயந்திரத்தில் உதிரிபாகம் செய்வதில் கை தேர்ந்த மெஷினிஸ்ட் ஆகிவிட்டால் 140 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 220-க்கு எதிரே வைக்க வேண்டியது 100 அல்ல, 140. வித்தியாசம் 80. 691-ஐ 80-ஆல் வகுத்தால் எட்டரை வருடம், அதுவும் வட்டி சேர்க்காமல்.

இப்போது அந்த 220. கையேட்டில் "சராசரி" என்று இருந்தால் எனக்கு உடனே கை அரிக்கும். பத்துப் பேருக்கு வேலை கிடைத்தது என்று வையுங்கள். ஆறு பேருக்கு 170, மூன்று பேருக்கு 180, ஒரே ஒருவனுக்கு 640. கூட்டிப் பத்தால் வகுத்தால் சரியாக 220. பொய்யே இல்லை, ஆனால் அந்தப் பத்துப் பேரில் 220 வாங்குகிறவன் ஒருவன்கூடக் கிடையாது. வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பவனைக் கேட்டால் 170 என்பான். அதற்கு மேல், வேலை கிடைக்காதவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. பதினாறு பேர் உட்கார்ந்து பத்துப் பேருக்குத்தான் கிடைத்தது என்றால் மிச்சம் ஆறு பேர் எங்கே? சிடிசி, அதாவது ஓர் ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று போட்டிருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள்: கைக்கு வரும் பணத்தோடு காப்பீடு, போனஸ், ஓராண்டு இருந்தால்தான் தரும் தொகை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். உங்கள் கம்பெனியின் 100 கைக்கு வரும் பணம், கல்லூரியின் 220 காகிதத்தில் இருக்கும் பணம் என்றால் ஒப்பீடே தப்பு.

170-ஐ வைத்துப் போட்டால் வித்தியாசம் 30. 691-ஐ 30-ஆல் வகுத்தால் 23 வருடம்.

நீலவானம்:

எல்லாவற்றையும் காசாகவே பார்த்தால் எப்படி? படிக்கிற வயதில் படிக்கட்டும். பணம் அப்புறம் சம்பாதித்துக்கொள்ளலாம், போன வயது வராது.

கணக்குப்பிள்ளை:

நீலவானம், நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. கேட்டவர் கடனுக்கு ஜாமீன் போடுகிறவர், காசைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

கடன்பிரிவு:

வங்கியில் கல்விக் கடன் பார்த்தவன் என்ற முறையில் வட்டியை நான் சேர்த்துவிடுகிறேன், இதைச் சேர்க்காமல் பேசினால் பாதிக் கதைதான்.

வருடத் தொடக்கத்தில் 80 வீதம் நாலு தவணையாகக் கடன் எடுக்கிறீர்கள். வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிக்கும் நாலு வருடமும் முடித்த பிறகு வேலை தேட ஒரு வருடமும் ஈஎம்ஐ கட்ட வேண்டாம் என்பார்கள், அதற்கு மொராட்டோரியம் என்று பெயர். கட்ட வேண்டாம் என்பதை வட்டி ஓடாது என்று எடுத்துக்கொள்கிற பெற்றோர் ஏராளம். வட்டி முதல் தவணை வெளியே போன அன்றே ஓட ஆரம்பித்துவிடும். வருடாவருடம் அசலோடு சேர்ந்தால், ஐந்தாம் வருடக் கடைசியில், அதாவது முதல் ஈஎம்ஐ கட்டுவதற்கு முன்பே, 320 என்று வாங்கிய கடன் 449 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் அடைத்தால் வருடத்துக்குச் சுமார் 71. மொத்தம் கட்டி முடிக்கும்போது 712. வாங்கியது 320.

கணக்குப்பிள்ளை காட்டிய வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். 220 கிடைத்தால் கூடுதல் வருமானம் 80, அதில் 71 வங்கிக்கு. 170 கிடைத்தால் கூடுதல் 30, கட்ட வேண்டியது 71. பத்து வருடத்துக்கு, மெஷினிஸ்டாகப் போயிருக்கக்கூடிய தம்பியை விட டிகிரி வாங்கிய தம்பியின் கையில் குறைவாகத்தான் நிற்கும். சம்பள உயர்வு வந்தால் இது மாறும், ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் இப்படித்தான். வாராக் கடனாகும் கணக்குகள் பெரும்பாலும் அங்கேதான் விழுவதைப் பார்த்திருக்கிறேன், பையன் ஏமாற்றுக்காரனாக இருப்பதால் அல்ல.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் அசல் 320-இலேயே நிற்கும், ஈஎம்ஐ வருடத்துக்கு 51-ஆகக் குறையும். அந்த ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டும் வட்டி 112, பிறகு கட்டுவது 507, ஆக மொத்தம் 619. 712-க்கும் 619-க்கும் உள்ள வித்தியாசம் தம்பியின் கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பளம். மொராட்டோரியக் காலத்தில் தனிவட்டியா கூட்டுவட்டியா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் இருக்கிற மாதிரியான கடன் என்றால் இந்தப் பயம் குறைவு. அங்கே வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், வேலை இல்லாதபோது தவணை கிடையாது. இங்கிலாந்திலும் வரம்புக்கு மேல் உள்ள வருமானத்தில் 9 சதவீதம் என்ற கணக்குதான், குறிப்பிட்ட காலம் தாண்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். வேலை கிடைக்காவிட்டால் அந்த நட்டத்தில் ஒரு பங்கு அரசின் தலையில். ஜாமீன் போட்டு வாங்கும் சாதாரணக் கடனில் அது அப்படியே உங்கள் தலையில்தான், அக்கா என்றாலும் தம்பி கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும்.

பெரியக்கா:

ரொம்ப நன்றி. வட்டி ஐந்தாம் வருடத்துக்குள் இவ்வளவு ஏறும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் இதைக் காட்டினேன். "அப்போ இன்னும் பெயர் பெற்ற கல்லூரியில் போடுவோம், அங்கே சம்பளம் அதிகமாமே" என்கிறார். அங்கே கட்டணம் இதைவிட ஒன்றரை மடங்கு. அப்புறம் தம்பிக்குக் கணக்குப் பாடம் சுமார்தான், கையில் எதையாவது கொடுத்தால் பிரித்துப் போட்டுத் திரும்பச் சேர்த்துவிடுவான். இதையும் சொல்லத் தோன்றியது.

ஷாப்ஃப்ளோர்:

உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன், ஆள் எடுப்பதும் என் வேலைதான். மேலே போட்ட கணக்குகள் சரி, ஆனால் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தை 30 என்று ஆணி அடித்து நிறுத்திவிட்டீர்கள். நிஜத்தில் அது நிற்காது.

எங்கள் சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரங்கள்) பிரிவில் ஒருவர் இருக்கிறார். டூல் தேயும்போது வரும் சத்தத்தை வைத்தே ஆஃப்செட், அதாவது டூலின் நிலைத் திருத்தம், எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவார், மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். புதிதாக வருகிற டிகிரிப் பையன்கள் வரைபடத்தில் போட்டிருக்கும் டாலரன்ஸை, அதாவது அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்தை, ஏன் அவ்வளவு இறுக்கமாகப் போட்டார்கள் என்று அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். சேர்ந்த புதிதில் அந்தப் பையன்களை விட அவருக்குச் சம்பளம் அதிகம், அது நியாயமும்கூட. ஆனால் பத்து வருடத்தில் அவர்களில் ஒருவன் அவருக்கு மேலாளராக வந்துவிட்டான். சூப்பர்வைசருக்கு மேலே இருக்கிற பதவிக்கு விண்ணப்பப் படிவத்திலேயே டிகிரி என்று போட்டிருக்கிறது, மனிதவளப் பிரிவின் கணினி அதைத் தாண்டி ஒரு பெயரையும் எங்களிடம் அனுப்புவதில்லை. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

இது அநியாயம் என்று சொல்லலாம், காரணம் இருக்கிறது. பொருளாதாரத்தில் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதியது இதைத்தான்: ஆளை எடுப்பவருக்கு வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாது, அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார், உள்ளே என்ன படித்தான் என்பது இரண்டாம் பட்சம். இதில் தம்பிக்குச் சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. அடையாளம் என்பதால் அது முழுதாக இருந்தால்தான் மதிப்பு. மூன்று வருடம் படித்து அரியரோடு விட்டுவிட்டு வந்தவனுக்கு டிகிரியில் முக்கால்வாசிச் சம்பளம் யாரும் தருவதில்லை, பள்ளி முடித்தவனுக்குத் தருவதைத்தான் தருவார்கள், கடன் மட்டும் முக்கால்வாசி நிற்கும். கணக்கு சுமார் என்கிறீர்கள். மெக்கானிக்கலில் முதல் இரண்டு வருடம் முழுக்கக் கணக்கும் மெக்கானிக்ஸும் தெர்மோடைனமிக்ஸும்தான், கையால் பிரித்துச் சேர்க்கிற வேலை மிகவும் குறைவு. அவன் முடிப்பானா என்ற கேள்விக்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை, நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

டிகிரிக்கு ஆதரவாக இன்னொன்று. சில வேலைகளில் கையெழுத்துப் போடும் உரிமையே பட்டத்தோடுதான் வரும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் வாஷிங்டன் ஒப்பந்தம் என்று 1989-இல் ஆறு நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தது ஒன்று இருக்கிறது, நாலு வருடப் பொறியியல் பட்டங்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்வதற்கு. பிறகு 2001-இல் டெக்னாலஜிஸ்டுகளுக்கு சிட்னி ஒப்பந்தம், 2002-இல் டெக்னீஷியன்களுக்கு டப்ளின் ஒப்பந்தம். இதில் கவனிக்க வேண்டியது, அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, அந்தப் பாடப்பிரிவுக்கு. ஒரே கல்லூரியில் எலக்ட்ரிகலுக்கு இருக்கும், மெக்கானிக்கலுக்கு இருக்காது. வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்களே என்று நம்பிவிடாதீர்கள், எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு விஷயம், காசில் வராது. முதுகும் முட்டியும் நாற்பது வயதுக்கு மேல் நைட் ஷிஃப்டில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய ஒத்துழைக்காது. அப்போது மேஜைக்கு நகர வழி இருக்கிறதா என்பது பதினெட்டு வயதில் யாருக்கும் தோன்றாது.

கணக்குப்பிள்ளை:

ஷாப்ஃப்ளோர் சார் பிடித்தது சரியான இடம். வித்தியாசம் நிற்காது என்பதை வைத்துத் திரும்பப் போட்டேன். படிப்பு முடிந்த அன்று டிகிரிக்கு 170, மெஷினிஸ்டுக்கு 140. மூன்று விதமாகப் பாருங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வருடம் 5 சதவீதம் ஏறினால், 691 திரும்பி வருவது பதினாறாவது வருடத்தில்.

டிகிரிக்காரனுக்கு 8 சதவீதம், மெஷினிஸ்டுக்கு 4 சதவீதம் என்று ஏறினால் அதே 691 பத்தாவது வருடத்தில் வந்துவிடும். அப்போது டிகிரிக்காரன் 340 வாங்கிக்கொண்டிருப்பான், மெஷினிஸ்ட் 199. அதன் பிறகு இடைவெளி வேகமாக விரியும்.

டிகிரி வாங்கியும் மெஷினிஸ்ட் வேலைக்கே, 140-க்கே வந்து நின்றால் 691 வரவே வராது. மூன்றாவது வகை ஆட்கள் எவ்வளவு பேர் என்று கல்லூரிக் கையேட்டில் தேடாதீர்கள், இருக்காது.

ஆக, முதல் சம்பளம் 170-ஆ 220-ஆ என்பதை விட வருடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லூரிகள் விளம்பரம் செய்வது முதல் சம்பளத்தை மட்டும். ஐந்து வருடம், பத்து வருடம் முன்னால் முடித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அதுதான் உருப்படியான தகவல். அமெரிக்காவில் 2015-இலிருந்து கல்லூரி வாரியாக, அரசின் நிதியுதவி பெற்றுப் படித்தவர்களின் நடுநிலை வருமானத்தை, அதாவது வரிசையில் நடுவில் இருப்பவரின் வருமானத்தை, அரசே ஓர் இணையதளத்தில் போடுகிறது. அந்த மாதிரி ஒன்று நீங்கள் இருக்கும் இடத்தில் இல்லை என்றால், பழைய மாணவர்களை வேலைவாய்ப்புத் தளங்களில் நீங்களே தேடி, அந்தக் கல்லூரி, அந்தப் பிரிவு என்று வைத்து இருபது பேரைப் பாருங்கள். பதவிப் பெயரை வைத்தே ஓரளவு புரிந்துவிடும். நன்றாக இருப்பவர்கள்தான் அங்கே தங்கள் விவரத்தைப் போடுவார்கள், அதனால் நீங்கள் பார்ப்பது நிஜத்தை விடக் கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருக்கும்.

அப்பா சொல்லும் பெயர் பெற்ற கல்லூரி விஷயம். அங்கே சம்பளம் அதிகம் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அங்கே சேருகிறவர்களே வேறு மாதிரியானவர்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-இல் அமெரிக்க மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் சிலர் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனார்கள், சிலர் அதை விட்டுச் சாதாரணக் கல்லூரிக்குப் போனார்கள். பிற்காலத்தில் இரண்டு கூட்டத்தின் சம்பளத்திலும் சராசரியாகப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உதவியது, உங்கள் அப்பா வாதத்துக்கு அது கைகொடுக்கும். எதற்கும், நன்றாகப் படிக்கிறவனை அங்கே அனுப்புவது வேறு, காசு கூடக் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சுமாரானவனைச் சேர்ப்பது வேறு. ஒன்றரை மடங்கு கட்டணத்துக்கு ஒன்றரை மடங்கு கடன், பெயரை நம்பி நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மாலைவகுப்பு:

அக்கா, எல்லோரும் இதுவா அதுவா என்றே பேசுகிறார்கள். நான் மூன்றாவது வழியில் வந்தவன். முதலில் டிப்ளமோ, பிறகு வேலை, வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர டிகிரி. கணக்குப்பிள்ளை அண்ணன் மேலே போட்ட 691-இல் 431 என்பது விட்டுப்போன சம்பளம்தானே, வேலையை விடாமல் படித்தால் அந்தப் பெரிய துண்டு கழன்றுவிடும். மிச்சம் கட்டணம், அதுவும் விடுதி இல்லாத கட்டணம். என் கட்டணத்தில் பாதியைக் கம்பெனியே கொடுத்தது.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு வகுப்புக்கு ஓட வேண்டும், ஆய்வகம் எல்லாம் விடுமுறை நாளில் வைப்பார்கள், செமஸ்டர் நெருங்கும்போதுதான் கம்பெனியில் ஓவர்டைம் போடச் சொல்வார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். ஆனால் நின்றவர்களுக்குக் கடன் இல்லை, வேலையும் போகவில்லை. இந்த ஒன்றுக்காகவே இந்த வழியைச் சொல்வேன். முழுநேரப் படிப்பில் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று ஷாப்ஃப்ளோர் சார் சொல்லிவிட்டார்.

இன்னொரு லாபம், பாடம் புரியும். மெஷினில் கை வைத்தவனுக்கு மெட்டல் கட்டிங் பாடத்தில் வரும் சிப், அதாவது சீவி வரும் உலோகத் துண்டு, ஏன் சுருள்கிறது என்று படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. கணக்குதான் எனக்கும் இடித்தது, அதற்குத் தனியாக ட்யூஷன் வைத்துக்கொண்டேன்.

கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பகுதிநேரச் சான்றிதழ் முழுநேர டிகிரிக்குச் சமமாக ஏற்கப்படுகிறதா, அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லுமா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள். தபால் வழியில் பொறியியல் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம், நிறைய இடங்களில் ஏற்பதில்லை. டிப்ளமோ முடித்தால் டிகிரி இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரும் லேட்டரல் என்ட்ரி இருந்தால் ஒரு வருடக் கட்டணமும் ஒரு வருடச் சம்பளமும் மிச்சம். தம்பி போகிற கம்பெனியின் பயிற்சி வெறும் பயிற்சியா, இல்லை கையில் ஏதாவது அங்கீகரித்த சான்றிதழ் கிடைக்குமா என்பதும் முக்கியம். சான்றிதழ் இல்லாத பயிற்சி என்றால் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்று அவன் வெறும் பள்ளி முடித்தவன்.

கம்பெனி கட்டணம் கொடுத்தால் இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்ட் போடச் சொல்வார்கள். எனக்கும் போட்டார்கள். எத்தனை வருடம், நடுவில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், வருடம் ஓட ஓட அந்தத் தொகை குறைகிறதா, அவர்களே வேலையை விட்டு அனுப்பினால் என்ன என்று படித்துவிட்டுப் போடுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்டபோது அந்த மனிதவள அதிகாரி முகம் மாறியது, ஆனால் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்.

பெரியக்கா:

எல்லோருக்கும் நன்றி. இன்று இரண்டு இடத்துக்கும் பேசிவிட்டேன். கல்லூரியில் மூன்று கேள்வி கேட்டேன்: போன வருடம் மெக்கானிக்கலில் எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அதில் நடுவில் இருப்பவர் சம்பளம் என்ன. முதல் இரண்டுக்குப் பட்டியல் தயாராகிறது என்றார்கள். மூன்றாவதற்கு "அப்படியெல்லாம் நாங்கள் எடுப்பதில்லை மேடம், சராசரி இருக்கிறதே" என்றார்கள். பாடப்பிரிவு அங்கீகாரம் பற்றிக் கேட்டதற்குப் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம் என்று பதில்.

கம்பெனியில் கொஞ்சம் தெளிவாகப் பேசினார்கள். பயிற்சி முடிந்தால் சான்றிதழ் உண்டு, அதை வைத்து மாலை நேர டிப்ளமோவில் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் இப்போதும் அங்கே இருக்கிறார்கள், பேச வைக்கிறோம் என்றார்கள். தம்பி அந்த இருவரோடும் பேசிவிட்டு வந்து, முதல்முறையாக வாயைத் திறந்து, மெஷினைப் பார்க்க வேண்டும் என்றான். அப்பா இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார். சீட்டை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கச் சொல்கிறார், அப்படிச் செய்வார்களா?

கடன்பிரிவு:

சில இடங்களில் செய்வார்கள், தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் வாய்ப்பேச்சாக "அடுத்த வருடம் வாருங்கள்" என்பார்கள், அதற்கு மதிப்பில்லை. எழுத்தில் கேளுங்கள். இந்த வருடக் கட்டணத்தையே அடுத்த வருடமும் வாங்குவார்களா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று விதி இருக்கும், அந்தத் தேதியைத் தாண்டவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களை அவர்களிடம் கொடுத்துவிட்டீர்களா?

பெரியக்கா:

இல்லை, நகல்தான் கொடுத்திருக்கிறோம்.

கடன்பிரிவு:

அப்போ அவசரமில்லை. அசலை யாரிடமும் கொடுக்காமல் முதலில் அந்தத் தேதியைக் கேளுங்கள்.